பட்டிக்காட்டான் என்னும் பேச்சு

குடும்பப் பாடம்



சென்ற மாதம் நம் கோவிலில் நடந்த ஒரு சிறு காரியத்தைச் சொல்லி இவ்வாரப் பாடத்தைத் தொடங்குகிறேன். அதில் முதற் குற்றவாளி நான்தான். ஆகையால் தம்மைக் குத்திக்காட்டியதாக யாரும் வருத்தப்பட வேண்டாம்.

நம் கிளைக் கிராமம் ஒன்றிலிருந்து வருகிற ஒரு சிறுமி ஞாயிறு பூசையில் நிருபம் வாசித்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறவள். தடங்கலின்றி, பொருள் விளங்க வாசித்தாள். ஆனால் நம் வடஆர்க்காட்டுச் சீமையில் பலருக்கு இருப்பதுபோல், அவள் நாவிலும் ழகரம் யகரமாகவே வரும். நித்திய வாழ்வு என்று எழுதியிருந்ததை நித்திய வாய்வு என்று வாசித்துவிட்டாள். பின்வரிசையில் சில வாலிபர் சிரித்தார்கள். முன்வரிசையிலும் சிலர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்கள். சிறுமி முகம் சிவந்து, மீதியை வேகமாக முடித்துவிட்டு இறங்கிப்போனாள்.

பூசை முடிந்தபின் சிலர் என்னிடம் வந்து, “சாமி, வெளியூராரும் வருகிற கோவில். நல்ல உச்சரிப்பு உள்ள பிள்ளைகளை மட்டும் வாசிக்க வைத்தால் கௌரவமாயிருக்கும்” என்றார்கள். நானும் அதிகம் யோசியாமல் சரியென்று சொல்லி, வாசிப்போர் பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் தகப்பனார் வந்தார். தோல் கம்பெனியில் ஈரத்தோல் புரட்டும் வேலை அவருக்கு. செருப்பை வாசலில் விட்டு, தாழ்வாரத்தில் நின்றபடியே, “சாமி, எம் பொண்ணு ஏதோ தப்பா பட்ச்சிட்டாளாம். மன்னிச்சிக்கணும். இன்னொரு தபா எழுதிக் குடுத்தீங்கன்னா ஊட்லயே பட்ச்சிப் பழகிக்கும்” என்றார். என்னைக் குறைசொல்ல வந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவரோ மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று.

ஏனெனில், அன்பர்களே, நானும் இதே சீமையில் ஒரு சிற்றூரில் பிறந்தவன். குருமடத்தில் சேர்ந்த முதல் வருஷம் ‘இன்னா’ என்றும் ‘வந்துகினு’ என்றும் நான் பேசக்கேட்டு மற்ற மாணவர் சிரித்தார்கள். ஒரே வருஷத்தில் அந்தப் பேச்சை விழுங்கிவிட்டேன். அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் பக்கத்தில் நானும் போய் நின்றிருக்கிறேன் என்பது, அந்த மனிதர் தாழ்வாரத்தில் நின்ற அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புலப்பட்டது.

இது சின்னக் காரியமா, பெரிய காரியமா என்று ஆராய்வதே இந்தப் பாடம்.

1. ஒரு படி மேலே நிற்பவன்

பட்டிக்காட்டான், நாட்டுப்புறம், காட்டான், கிராமத்து ஆள்: இச்சொற்களை நாம் எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! ஆனால் பட்டிக்காடு எங்கே இருக்கிறதென்று கேட்டால் விடை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. சென்னையில் இருப்பவருக்கு வேலூர் பட்டிக்காடு. வேலூராருக்கு ஆம்பூர். ஆம்பூர்க்காரருக்கு மாதனூரும் ஆலங்காயமும். ஆலங்காயத்தாருக்கு ஜவ்வாதுமலை. சென்னைக்காரரோ வடக்கே போனால் வெறும் மதராசி! ஆகப் பட்டிக்காடு என்பது பூமியில் உள்ள ஓர் இடமன்று. நமக்கு ஒரு படி கீழே நிற்பவனுக்கு நாம் வைக்கும் பெயர், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். வெகுதூரம் மேலே இருப்பவன் இப்பேச்சை அதிகம் பேசுவதில்லை. அவனுக்கு நாம் கண்ணிலேயே படுவதில்லை. ஒரே ஒரு படி மேலே ஏறினவனே அதிகம் பேசுகிறான். தகப்பன் காலத்தில் கிராமத்தை விட்டுப் பட்டணம் வந்தவன், தானும் அங்கிருந்துதான் வந்தான் என்பதைப் பிறர் மறக்கவேண்டுமென்று விரும்புகிறான். நான் செய்ததும் அதுவே.

பாஷைகளும் இக்குற்றத்துக்குச் சாட்சி சொல்கின்றன. நாகரிகம் என்ற சொல் நகரத்திலிருந்து பிறந்தது. சினிமாவில் வரும் வில்லன் என்ற சொல்லின் பூர்வீகம் இலத்தீன். பண்ணையில் உழைக்கும் குடியானவனைக் குறித்த சொல் நாளடைவில் பொல்லாதவனைக் குறிக்கலாயிற்று. நம் திருச்சபையும் இதற்கு விலக்கன்று. பாகானுஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குக் கிராமவாசி என்பது ஆதிப் பொருள். அதே சொல்லைப் பிற்காலக் கிறீஸ்தவர்கள் அஞ்ஞானிக்குப் பெயராக வைத்தார்கள். கலிலேயா நாட்டு மீன்பிடிகாரரின் வாயால் வேதம் கேட்டவர்களின் வாரிசுகள் இப்படிச் செய்தது ஆச்சரியமன்றோ?

ழகரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடமாவட்டங்களில் வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகிறது. தென்மாவட்டங்களில் பலருக்கு அது ‘வாளப்பளம்’ ஆகிறது. இரண்டும் எழுத்தை விட்டு விலகியவைதாம். ஒன்றைக் கேட்டுச் சிரிக்கிறோம், மற்றதைக் கேட்டும் கேளாமல் இருக்கிறோம். அப்படியானால் நாம் சிரிப்பது எழுத்துப் பிழைக்கா, பேசுகிற ஆளுக்கா?

2. வேதாகமம் காட்டும் நான்கு காட்சிகள்

முதற்காட்சி நியாயாதிபதிகள் ஆகமத்தில், பன்னிரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. கலகாத்து நாட்டாருக்கும் எப்பிராயீம் கோத்திரத்தாருக்கும் சண்டை. தோற்று ஓடிய எப்பிராயீமர் யோர்தான் ஆற்றுத்துறையைக் கடக்க வந்தபோது, காவல் நின்றவர்கள் ஷிபோலெத் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமர் நாவில் ஷகாரம் வராது; ஸகாரமே வரும். சொல்லத் தெரியாதவன் தலை போயிற்று. அக்காலத்தில் விழுந்தவர்கள் 42,000 பேர் என்று ஆகமம் கணக்குச் சொல்கிறது. இரு திறத்தாரும் ஒரே இஸ்ராயேல் குலத்தார், ஒரே பாஷை பேசினவர்கள். ஓர் எழுத்தின் உச்சரிப்பே உயிருக்கு விலையாயிற்று. பின்வரிசையில் எழுந்த சிரிப்புக்கும் அந்த ஆற்றுத்துறைக்கும் வெகுதூரம் என்பீர்கள். தூரம் உண்டு, மெய்தான். ஆனால் இரண்டும் ஒரே சாலையில் இருக்கின்றன.

இரண்டாம் காட்சி அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம். சேசுநாதரைப் பற்றிப் பிலிப்பு வந்து சொன்னபோது, நசரேத்து ஊரிலிருந்து நல்லது ஏதாவது வரக்கூடுமா என்று நத்தனயேல் சந்தேகித்தார். இவர் எந்த மகாபட்டணத்தார்? எருசலேமா, உரோமாபுரியா? அதே சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம் விடை சொல்கிறது: இவர் கலிலேயாவிலுள்ள கானாவூரார். கானாவுக்கும் நசரேத்துக்கும் சில மைல் தூரமே. மாதனூரான் பக்கத்துக் கிராமத்தானைப் பார்த்துக் கேட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படி மேலே நின்றவரின் கேள்வி அது! ஆனால் நத்தனயேலிடம் ஒரு நற்குணம் இருந்தது. வந்து பார்க்கும்படி பிலிப்பு அழைத்ததும், எழுந்து போய்ப் பார்த்தார். பார்த்ததும் தம் எண்ணத்தை விட்டார். சேசுநாதர் அவரைக் கபடமற்றவர் என்று புகழ்ந்ததையும் மறவாதிருங்கள். நல்லவர்களிடத்திலும் இந்தத் துர்க்குணம் இருக்கும். போய்ப் பார்த்தால் அது நீங்கும்.

மூன்றாம் காட்சி அதே சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரம். வேதம் அறியாத சனங்கள் என்று பரிசேயர் ஏழைகளைச் சபித்தார்கள். கலிலேயாவிலிருந்து தீர்க்கதரிசி எவனும் எழும்புவதில்லை என்றும் அடித்துப் பேசினார்கள். ஆனால் யோனாஸ் தீர்க்கதரிசியின் ஊர் எது? இராஜாக்கள் ஆகமத்தின்படி அவர் கேத்தேப்பேர் ஊரார். அது கலிலேயாவில், நசரேத்துக்கு அருகிலேயே இருந்த சிற்றூர். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் தங்கள் வேதத்திலேயே இருந்ததை மறந்துபோனார்கள். இளக்காரம் படித்தவனையும் அறிவீனன் ஆக்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நான்காவது, பெரிய வியாழன் இரவு. பிரதான குருவின் முற்றத்தில் அர்ச். இராயப்பரைக் காட்டிக்கொடுத்தது எது? அவருடைய பேச்சுத்தான். கலிலேயா வாடை அவர் நாவில் வீசிற்று. திருச்சபையின் முதற் பாப்பானவர் கொச்சைப் பேச்சுப் பேசினவர் என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும்.

3. சிரிக்கிற காது கேளாது

“சாமி, சிரிப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்? விளையாட்டுத்தானே” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நஷ்டம் இன்னது என்று சொல்கிறேன். ஒருவன் பேசும் ஒலியைக் கேட்டுச் சிரிப்பவன், அவன் சொல்லும் பொருளைக் கேட்பதில்லை. சிரித்துப் பழகின காது, அவன் அழும்போதும் கேட்காது. நம் பாலாற்றுப் படுகையே இதற்கு உதாரணம்.

நம் தோல் தொழில் எதனால் உண்டாயிற்று? மாட்டையும் ஆட்டையும் வளர்த்தது கிராமம். பழைய முறையில் தோலைப் பதனிட உதவிய ஆவாரம்பட்டையும் கடுக்காயும் காட்டிலிருந்தும் மலையிலிருந்தும் வந்தவை. தண்ணீர் பாலாற்றினுடையது. வேலைக்கு வந்த கைகளில் மிகுதியானவை சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தவை. இன்றைக்கும் விடியற்காலையில் சோற்றுப் பாத்திரத்தோடு ஷூ கம்பெனி வண்டிக்காகச் சாலையோரம் நிற்கிற பெண்பிள்ளைகளைப் பாருங்கள். எந்தப் பட்டிக்காட்டைப் பழிக்கிறோமோ அதன் உழைப்பில்தான் நம் பட்டணம் நிற்கிறது.

1970களில் அரசாங்கம் பச்சைத்தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலை அனுப்ப ஊக்கமளித்தது. தொழில் பெருகிற்று, இரசாயனமும் பெருகிற்று. கழிவுநீர் ஓடைக்கும் ஏரிக்கும் ஆற்றுக்கும் போயிற்று. கிணற்று நீர் மாறினதை முதலில் அறிந்தவர் யார்? ஆய்வுக்கூடத்து நிபுணரா? அன்று. நீர் இறைத்து வாயில் விட்டுப் பார்த்த குடியானவளும், தென்னை காய்ப்பு நின்றதைப் பார்த்த குடியானவனுமே. ஆனால் அவர்களுடைய நாக்கின் சாட்சி எந்த அலுவலகத்தில் சாட்சியாக எடுபடும்? ‘உப்புக் கரிக்குது’ என்று சொல்ல அவர்களுக்குத் தெரியும். அளவை எண்ணாக எழுதிக் காட்டத் தெரியாது.

வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை 1991ல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28ல் தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற்போயிற்று என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டிற்று. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நியாயம் இந்தியச் சட்டத்தில் ஊன்றி நிற்க அந்தத் தீர்ப்பு பெருந்துணையாயிற்று. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அது பாடமாக இருக்கிறது. நம் கிராமத்தாரின் துன்பம் தேசத்துக்கே நீதி நூலாயிற்று! அதன்பின் ஏற்பட்ட ஆணையம் 2001ல் ஏறத்தாழ 29,000 பேருக்குச் சுமார் 26 கோடி ரூபாய் நஷ்டஈடு கணக்கிட்டது. வகுத்துப் பாருங்கள்: ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு. பாட்டன் வெட்டிய கிணற்றின் விலை அவ்வளவுதான். அந்தத் தொகையும் எல்லாருக்கும் காலத்தில் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30ல் உச்சநீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாக்கி நஷ்டஈட்டைக் கொடுத்துத் தீர்க்கும்படி கட்டளையிட வேண்டியிருந்தது.

தொழிலைப் பழிப்பது என் நோக்கமன்று. அது நம் பங்கிலும் அநேகம் வீடுகளின் சோறு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஏற்பட்டிருக்கின்றன. நான் கேட்பது ஒன்றே: முதற் கிணறு கெட்டபோதே அந்தக் கிராமத்தான் சொன்னதை, படித்தவன் சொன்னால் கேட்பதுபோல் கேட்டிருந்தால், இத்தனை கிணறுகள் கெட்டிருக்குமா?

திருப்பத்தூருக்குத் தெற்கே, தருமபுரி ஜில்லா அரூர் தாலுகாவில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்றொரு கிராமம் உண்டு. 1992 ஜூன் 20ல் சந்தனமரம் தேடுவதாகச் சொல்லி அரசாங்க அலுவலர் பலர் அந்த ஊருக்குள் புகுந்து, வீடுகளை நாசமாக்கி, ஆண்களை அடித்து, பெண்களுக்குச் சொல்லத்தகாத கொடுமை செய்தார்கள். மலைசாதி மக்களாகிய அவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். கடத்தல்காரர் பேச்சை யார் நம்புவார்? குற்றம் சாட்டப்பட்டவர் 269 பேர். தருமபுரி நீதிமன்றம் அவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்த நாள் 2011 செப்டம்பர் 29. சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29ல். ஒரு மலைக்கிராமத்துப் பெண் மெய்யைத்தான் சொன்னாள் என்று நாடு ஒப்புக்கொள்ளப் பத்தொன்பது வருஷமும், பிறகு இன்னும் பன்னிரண்டு வருஷமும் சென்றன.

அவர்கள் ஒன்றும் அறியார் என்பதும் பொய். இலவம்பாடிப் பக்கத்து முள்ளுக்கத்திரிக்காயை அறியாதவர் நம்மில் யார்? 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக அந்த விதையைக் காத்தவர்கள் குடியானவர்களே. அதுவும் ஒரு படிப்புத்தான்.

அதற்காகக் கிராமத்தார் எல்லாரும் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. ஊரென்றும் சேரியென்றும் பிரித்துவைத்த பாவம் கிராமத்திலும் உண்டு. தோல் வேலை செய்கிறவர் பக்கத்தில் உட்காராத கிராமத்தாரும் உண்டு. கோவில் வாங்கிலேயே அப்படி நகர்ந்து உட்காருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரை வாடையால் ஒதுக்குவதும் பேச்சால் ஒதுக்குவதும் ஒரே வேரில் முளைத்த இரண்டு கிளைகள்.

4. வடக்கிலிருந்து வந்தவர்கள்

இந்நாளில் படிக்கட்டின் அடியில் நாம் நிறுத்தியிருப்பது யாரை? பீகாரிலும் வங்காளத்திலும் ஒரிசாவிலுமிருந்து பிழைக்க வந்தவர்களை. வடக்கன் என்கிறோம், பேர்சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. அவர்களில் அநேகர் தங்கள் ஊரில் நம்மைப்போல் நிலத்தை நம்பி, நிலம் கைவிட்டதால் புறப்பட்டவர்கள்.

2015 ஜனவரி 31 விடியுமுன், இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவைத் தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. கழிவுச்சேறு பாய்ந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்தார். அந்தச் சுவரின் கீழ் உறங்குவது ஆபத்தென்று அவர்களுக்குத் தோன்றியிருந்தாலும், அதை யாரிடம், எந்தப் பாஷையில் சொல்லியிருப்பார்கள்? சொல்லியிருந்தால் யார் காதுகொடுத்திருப்பார்கள்?

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்லுகிறார்கள் என்று பொய்யான படங்கள் பரவின. பயந்துபோன தொழிலாளர் பலர் மூட்டை கட்டினார்கள். பீகார் அரசாங்கம் நிலைமையை அறிய ஒரு குழுவை அனுப்பிற்று. செய்தி பொய் என்பது வெளியாயிற்று. ஆனால் அவர்கள் ஏன் அதை அத்தனை சீக்கிரம் நம்பினார்கள்? நாம் தினமும் பேசுகிற பேச்சு அந்தப் பொய்யை நம்பத்தக்கதாக்கிவிட்டது என்று நான் அஞ்சுகிறேன்.

நாமும் இதே படியில் நின்றவர்கள் என்பதை மறக்கலாகாது. 1966ல் பம்பாயில் தோன்றிய சிவசேனை, தென்னாட்டார் வேலையைப் பறிக்கிறார்கள் என்று கிளர்ச்சி செய்தது. நம் பேச்சையும் லுங்கியையும் பரிகசித்தார்கள். இலங்கையிலோ, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த நம் ஏழைகளைத் தோட்டக்காட்டான் என்று பழித்தவர்களில் தமிழர்களே இருந்தார்கள். ஒரே தமிழ், ஆனால் ஒரு படி மேலே! 1948ல் அங்கே ஒரு சட்டம் அந்தத் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964ல் ஸ்ரீமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த உடன்படிக்கையின்படி இலட்சக்கணக்கானோர் தாய்நாடு திரும்பினார்கள். இங்கே அவர்களை எப்படி அழைத்தோம்? சிலோன்காரன் என்று.

5. தேவமாதா பேசின பாஷை

1858ம் வருஷம் பெப்ருவரி 11ல் பிரான்சு தேசத்து லூர்து நகரில் பெர்னதெத் என்ற பதினாலு வயதுச் சிறுமிக்குத் தேவமாதா காட்சியளித்ததை எல்லாரும் அறிவோம். அவள் மிக ஏழை, எழுத்து அறியாதவள். நாகரிகமான பிரெஞ்சு பாஷை அவளுக்குத் தெரியாது. அந்தச் சீமையின் கொச்சைப் பேச்சு ஒன்றே தெரியும். பிரெஞ்சில் இருந்த ஞானோபதேசம் மனதில் ஏறாததால் அவளுக்குப் புதுநன்மையும் தாமதப்பட்டிருந்தது. போலீஸ் அதிகாரி அவளை அழைத்து மிரட்டிக் கேள்வி கேட்டார். படிப்பில்லாத ஏழைச் சிறுமிதானே!

ஆனால் தேவமாதா எந்தப் பாஷையில் பேசினார்கள்? அந்தச் சிறுமியின் கொச்சைப் பாஷையிலேயே பேசினார்கள். தம்முடைய அமலோற்பவத்தின் பெயரையும் அந்தப் பாஷையிலேயே அறிவித்தார்கள். இன்னும் கேளுங்கள். பதினைந்து நாள் அங்கே வரும்படி கேட்டபோது, நீ என்று கேட்கவில்லை. நீங்கள் என்று மரியாதையாகக் கேட்டார்கள். தயவுசெய்து வருவீர்களா என்று கேட்கும் பாவனையில் கேட்டார்கள். மோட்ச இராக்கினி ஒரு குடியானச் சிறுமியிடம் அப்படிப் பேசினார்கள்! நாம் கடையில், அலுவலகத்தில், ஆஸ்பத்திரி வாசலில், நரைத்த தலையோடு நிற்கும் கிராமத்துப் பெரியவரை எப்படி அழைக்கிறோம்? ‘இன்னாய்யா, தள்ளி நில்லு’ என்கிறோம்.

அந்தச் சிறுமியைத் திருச்சபை பொறுமையாக விசாரித்தது. தார்பு நகர் மேற்றிராணியார் 1862 ஜனவரியில் காட்சி மெய்யென்று அறிவித்தார். கேட்க மனமிருந்தால் கொச்சையும் விளங்கும்.

6. குடும்பங்களில் செய்ய வேண்டியவை

பெற்றோரே, பிள்ளைகள் இந்தப் பேச்சை நம்மிடமிருந்தே கற்கிறார்கள். ஆகையால் இம்மாதம் நான்கு காரியங்களைக் கைக்கொள்ளுங்கள்.

முதலாவது, அழைக்கும் விதம். வீட்டுவேலைக்கு வருகிற அம்மாள், கீரை விற்கிற பாட்டி, வடநாட்டுத் தொழிலாளி ஆகிய யாவரையும் நீங்கள் என்று அழையுங்கள். பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, நையாண்டி. கிராமத்துப் பேச்சைப்போல் பேசிக்காட்டி வீட்டில் சிரிப்பு மூட்டும் வழக்கத்தை விடுங்கள். பிள்ளைகள் பள்ளியில் சக மாணவனின் உச்சரிப்பைக் கேலிசெய்தால் கண்டியுங்கள். உச்சரிப்பைத் திருத்துவது வேறு. அது தனிமையில், அன்போடு செய்யவேண்டிய உதவி.

மூன்றாவது, கேட்பது. கிராமத்தார் குறை சொன்னால் முழுவதும் கேளுங்கள். பேச்சு நீளமாயிருக்கலாம், வெட்கம் அவர்களைச் சுற்றிச் சுற்றிப் பேசவைக்கிறது. மனுவாக எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொடுங்கள்.

நான்காவது, நத்தனயேல் செய்ததைச் செய்யுங்கள்: போய்ப் பாருங்கள். பங்கில் சேர்ந்து இருபது வருஷமாகியும் நம் கிளைக் கிராமங்களில் கால் வைக்காத குடும்பங்கள் உண்டு. அங்கே திருநாள் வரும்போது போங்கள். அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள்.

வினா விடை
(மாலைச் செபத்துக்குப்பின் பிள்ளைகளிடம் கேட்கத்தக்கவை)

வினா: பட்டிக்காடு என்பது எங்கே இருக்கிறது?
விடை: பழிக்கிறவன் மனதில் இருக்கிறது.

வினா: நசரேத்தைக் குறித்துச் சந்தேகித்தவர் எந்த ஊரார்?
விடை: நசரேத்துக்கு அருகிலுள்ள கானாவூரார்.

வினா: பிறர் பேச்சைப் பரிகசிப்பது பாவமா?
விடை: ஆம், அது பிறர்சிநேகத்துக்கு விரோதம். ஒருவனைப் பேசவொட்டாமல் வாயடைத்து, அவன் முறையிடும் நியாயத்தையும் அது தடுத்துவிடும்.

வினா: பரிகசித்தவன் என்ன செய்யவேண்டும்?
விடை: பாவசங்கீர்த்தனம் மட்டும் போதாது. யாரைப் பரிகசித்தானோ அவரிடம் மன்னிப்புக் கேட்டு, பறித்த இடத்தைத் திரும்பக் கொடுக்கவேண்டும்.

கடைசி விடையை எழுதினவன் அதன்படி நடக்கவேண்டுமல்லவா? சென்ற புதன்கிழமை அந்தக் கிளைக் கிராமத்துக்குப் போனேன். தகப்பனார் வேலை முடிந்து வரும்வரைக்கும் திண்ணையில் காத்திருந்தேன். அவரிடமும் சிறுமியிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவள் முதலில் மாட்டேன் என்றாள். “அல்லாரும் சிரிப்பாங்க சாமி” என்றாள். நெடுநேரம் பேசியபின், பெயரை மறுபடியும் எழுதிக்கொள்ளச் சம்மதித்தாள். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசையில் நிருபம் அவளே வாசிப்பாள். ழகரம் வரலாம், வராமலும் போகலாம். நீங்கள் வாசகத்தைக் கவனித்துக் கேளுங்கள்.

உங்கள் பங்குக்குரு